உறுப்பு மாற்று நோயாளிகளில் நோய்த்தொற்றும் முன்பரிசோதனையும்

சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் போன்ற உறுப்புகளைப் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டவர்களுக்கு பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி ஆகியவற்றால் வரும் நோய்களே உறுப்பு மாற்று நோயாளிகளின் நோய்த்தொற்றுகள் எனப்படுகின்றன. அறுவை மருத்துவம் எவ்வளவு வளர்ந்திருந்தாலும், உறுப்பு பெற்றவர்களின் உயிரிழப்புக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாக நோய்த்தொற்று இன்றும் இருந்து வருகிறது. இதனைத் தவிர்க்கவே கொடையாளர், பெறுநர் ஆகிய இருவரும் அறுவைக்கு முன் பல பரிசோதனைகளுக்கு உட்படுத்தப்படுகின்றனர். அந்தப் பரிசோதனைகள் எவை, ஏன் செய்யப்படுகின்றன, வீடு திரும்பிய பின் நோயாளி எவற்றில் கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வேலைக்குத் திரும்பும் தொழிலாளரின் நிலையை விளக்க, திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டுப் பின்னணி

இந்தியாவில் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-ஆம் ஆண்டு நடைபெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் இச்சிகிச்சை பரவியபோது, அதனுடன் சிறுநீரக வணிகமும் வளர்ந்தது. வறுமையில் இருந்தவர்களிடம் பணம் கொடுத்துச் சிறுநீரகம் வாங்கும் தரகர்கள் பெருகினர். அவசரத்தில் நடந்த இவ்வகை அறுவைகளில் கொடுப்பவரின் உடல்நிலை முறையாக ஆராயப்படவில்லை. ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் ஆகிய நாடுகளிலிருந்து பம்பாய்க்கு வந்து சிறுநீரகம் வாங்கிச் சென்ற 130 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 1990-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அவர்களிடையே உயிரிழப்பும் தொற்றுகளும் மிகுந்திருந்தன; சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஏற்பட்டிருந்தது. பரிசோதனை இல்லாத உறுப்பு மாற்று எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இது ஒரு சான்று.

நாடாளுமன்றம் 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றி உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. மூளைச்சாவும் இச்சட்டத்தால் ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு ஒரு திருப்பமாக அமைந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது மாணவர் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். மருத்துவர்களான அவருடைய பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடையாக அளித்தனர். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை முறைப்படி பகிர்ந்தளிக்கும் அரசுத் திட்டமும் அதே ஆண்டில் செயற்பட்டது. இப்பணியை இப்போது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் கவனித்து வருகிறது. உறுப்புக் கொடை அளிப்போரின் இறுதிச் சடங்குகள் அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

எதிர்ப்பாற்றலைக் குறைப்பது ஏன்?

நம் உடலில் உள்ள வெள்ளையணுக்கள் தன் உடலைச் சேர்ந்தது எது, அயலது எது என்று பிரித்தறியும் திறன் கொண்டவை. அயலது என்று கண்டால் தாக்கி அழிக்கும். புதிதாகப் பொருத்தப்பட்ட சிறுநீரகமும் அவற்றின் பார்வையில் அயலதே. அதைத் தாக்காமல் இருக்க, டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற எதிர்ப்பாற்றல் ஒடுக்கி மருந்துகள் தரப்படுகின்றன. உறுப்பு உடலில் இருக்கும் வரை இவற்றை உட்கொள்ள வேண்டும்.

இம்மருந்துகள் புதிய உறுப்பை எதிர்க்கும் ஆற்றலை மட்டும் தனியே பிரித்துக் குறைப்பதில்லை. கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலையும் சேர்த்தே குறைக்கின்றன. மருந்து குறைந்தால் உறுப்பு நிராகரிக்கப்படும். கூடினால் தொற்று வரும். மருத்துவர் அடிக்கடி இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பது இவ்விரண்டுக்கும் இடையே சரியான அளவை நிறுத்துவதற்காகத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல், வீக்கம், வலி ஆகியவை பெரும்பாலும் உடல் கிருமியை எதிர்ப்பதால் தோன்றும் அறிகுறிகள். எதிர்ப்பாற்றல் குறைந்தவரிடம் இவை மங்கலாகவே தெரியும். மற்றவருக்கு 103 பாகை காய்ச்சல் தரும் நோய், இவருக்கு இலேசான உடல்சூடாக மட்டும் வெளிப்படலாம்.

தொற்று வரும் வழிகள்

தொற்று மூன்று வழிகளில் வரலாம்.

1. கொடையாளரின் உறுப்பு வழியாக: கொடையாளரின் உடலில் இருந்த கிருமி உறுப்புடன் சேர்ந்து பெறுநரை அடைதல்.
2. பெறுநரின் உடலிலிருந்தே: பல ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்த காசநோய்க் கிருமி, அக்கி வைரஸ் போன்றவை எதிர்ப்பாற்றல் குறைந்ததும் விழித்தெழுதல்.
3. சூழலிலிருந்து: மருத்துவமனை, வீடு, பணியிடம், உணவு, நீர், கொசு, மண் ஆகியவற்றின் வழியே புதிதாகத் தொற்றுதல்.

காலத்தைப் பொறுத்துத் தொற்றுகள்

எந்தக் கிருமி எப்போது வரும் என்பதில் ஓர் ஒழுங்கு உள்ளது. மருத்துவர்கள் இதை மூன்று கட்டங்களாகப் பிரிக்கின்றனர்.

முதல் மாதம்: அறுவைப் புண், சிறுநீர்க் குழாய், மூச்சுக் கருவி ஆகியவற்றை ஒட்டி வரும் பாக்டீரியாத் தொற்றுகள் மிகுதி. மருத்துவமனைகளில் காணப்படும், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் இக்கட்டத்தில் பெரும் இடர். கொடையாளரிடமிருந்து வந்த சில தொற்றுகளும் இப்போதே வெளிப்படும்.

இரண்டு முதல் ஆறு மாதங்கள்: எதிர்ப்பாற்றல் மிகவும் தாழ்ந்திருக்கும் காலம். சைட்டோமெகலோ வைரஸ், நியூமோசிஸ்டிஸ் என்னும் நுரையீரல் பூஞ்சை, பி.கே. வைரஸ், காசநோய் ஆகியவை தலைகாட்டும். நியூமோசிஸ்டிஸைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் மாத்திரை பல மாதங்களுக்குத் தரப்படுகிறது. சைட்டோமெகலோ வைரசுக்கு வால்கான்சைக்ளோவிர் மருந்து உண்டு.

ஆறு மாதங்களுக்குப் பின்: மருந்தின் அளவு குறைக்கப்படுவதால் இடரும் குறையும். ஆயினும் நுரையீரல் அழற்சி, சிறுநீர்ப் பாதைத் தொற்று, அக்கி, இன்புளுவென்சா, காசநோய் ஆகியவை வரக்கூடும். இடையில் உறுப்பு நிராகரிப்பு ஏற்பட்டு மருந்தின் அளவு கூட்டப்பட்டால், நோயாளி மீண்டும் இரண்டாம் கட்டத்தில் இருப்பவராகவே கருதப்படுவார்.

பி.கே. வைரஸ் தனியே குறிப்பிடத்தக்கது. பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிச் சிறுநீரகத்தில் அமைதியாகத் தங்கிவிடும் வைரஸ் இது. சிறுநீரகம் பெற்றவரிடம் இது பெருகினால் புதிய உறுப்பே பழுதாகலாம். இதை அழிக்க உறுதியான மருந்து இல்லை; எதிர்ப்பாற்றல் ஒடுக்கி மருந்தைக் குறைப்பதே வழி. ஆகவே உடலில் எந்தத் தொல்லையும் இல்லாதபோதும் முதல் மாதங்களில் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்குச் செல்வது தேவையாகிறது.

கொடையாளரைப் பரிசோதித்தல்

உயிருடன் உள்ள உறவினர் கொடை தரும்போது பரிசோதனைக்குப் போதிய நாள் கிடைக்கும். மூளைச்சாவு அடைந்தவரிடம் அவ்வாறில்லை. நான்கு மருத்துவர்கள் அடங்கிய குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை ஆய்ந்து மூளைச்சாவை உறுதி செய்கிறது. வெளியே எடுக்கப்பட்ட இதயம் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரத்திற்குள் பொருத்தப்பட வேண்டும். இந்தக் குறுகிய காலத்துக்குள் கீழ்க்காணும் பரிசோதனைகள் பொதுவாகச் செய்யப்படுகின்றன.

- எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி வைரஸ், மஞ்சள் காமாலை சி வைரஸ்
- மேகநோய் எனப்படும் சிபிலிஸ்
- சைட்டோமெகலோ வைரஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ்
- இரத்தம், சிறுநீர், சளி ஆகியவற்றில் பாக்டீரியா வளர்ப்புச் சோதனை
- மார்பு எக்ஸ்ரே. தேவைப்பட்டால் மலேரியா போன்ற வட்டார நோய்களுக்கான சோதனை

இவற்றுள் ஒவ்வொன்றின் முடிவும் ஒரே பொருளைத் தருவதில்லை. சைட்டோமெகலோ வைரஸ் நம் நாட்டில் பெரும்பாலான பெரியவர்களின் உடலில் இருப்பது. அது இருக்கிறது என்பதற்காக உறுப்பு மறுக்கப்படாது. கொடையாளரிடம் இருந்து, பெறுநரிடம் இல்லாவிட்டால் இடர் மிகுதி என்று அறிந்து தடுப்பு மருந்தைத் திட்டமிடவே அச்சோதனை உதவுகிறது. சி வகை மஞ்சள் காமாலையை இப்போது 12 வார மாத்திரைச் சிகிச்சையால் பெரும்பாலோரிடம் முற்றாகக் குணப்படுத்த முடிகிறது. ஆகவே அத்தொற்று உள்ளவரின் உறுப்பையும், பெறுநரின் ஒப்புதலுடன், சில நாடுகளில் பயன்படுத்துகின்றனர்.

சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. தொற்று நுழைந்தவுடன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றுவதில்லை. அதற்குச் சில வாரங்கள் ஆகும். இந்த இடைக்காலத்தில் எதிர்ப்பொருள் சோதனை 'இல்லை' என்றே காட்டும். அமெரிக்காவின் சிகாகோவில் 2007-இல் இவ்வாறு ஒரு கொடையாளரிடமிருந்து நான்கு பேருக்கு எச்.ஐ.வி.யும் சி வகை மஞ்சள் காமாலையும் சேர்ந்து பரவின. வைரசின் மரபுப் பொருளையே நேரடியாகக் கண்டறியும் நியூக்ளிக் அமிலச் சோதனை இந்த இடைக்காலத்தைச் சில நாட்களாகச் சுருக்குகிறது; முழுமையாக நீக்குவதில்லை.

குடும்பத்தார் சொல்லும் செய்தி

ஆய்வகத்தால் அறிய முடியாததைக் குடும்பத்தாரால் சொல்ல முடியும். இதற்கு வெறிநாய்க்கடி நோய் சிறந்த எடுத்துக்காட்டு. 2004-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரே கொடையாளரின் உறுப்புகளையும் இரத்தக் குழாயையும் பெற்ற நால்வர் இந்நோயால் இறந்தனர். கொடையாளரை வௌவால் கடித்திருந்தது என்பது பின்னரே தெரிய வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியிலும் இதுபோல் நடந்தது. அங்குக் கொடையாளர் இந்தியாவுக்குப் பயணம் வந்து சென்ற ஒரு பெண். நுரையீரல், சிறுநீரகம், சிறுநீரகத்துடன் கணையம் பெற்ற மூவர் இறந்தனர். கல்லீரலைப் பெற்றவர் மட்டும் தப்பினார். அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்.

நாய்க்கடி நம் ஊர்களில் அன்றாடச் செய்தி. எனவே கொடைக்குச் சம்மதிக்கும் குடும்பத்தாரிடம் ஒருங்கிணைப்பாளர் பல கேள்விகளைக் கேட்பார். அண்மையில் நாயோ வேறு விலங்கோ கடித்ததா, காரணம் தெரியாத காய்ச்சல் இருந்ததா, காசநோய்க்கு மருந்து சாப்பிட்டாரா, ஊசி வழியே போதைப்பொருள் பயன்படுத்தினாரா என்பன அவை. துயரத்தில் இருக்கும் பெற்றோருக்கு இக்கேள்விகள் மகனைக் குறை சொல்வதாகத் தோன்றக்கூடும். விசாரணை நோக்கம் இதில் எதுவும் இல்லை. அவர்கள் மறைக்காமல் சொல்லும் ஒரு சொல், முன்பின் அறியாத நான்கைந்து பேரின் உயிரைக் காக்கிறது. உறுப்பு கொடுப்பது எவ்வளவு பெரிய கொடையோ, உண்மையைச் சொல்வதும் அதன் ஒரு பகுதியே.

பெறுநரைப் பரிசோதித்தல்

பெறுநருக்கும் மேற்கூறிய வைரஸ் சோதனைகள் அனைத்தும் செய்யப்படும். இவை தவிர, பல் மருத்துவர் பல்லையும் ஈறையும் பார்ப்பார். சொத்தைப் பல் கூடத் தொற்றின் ஊற்றாகலாம். டயாலிசிஸ் குழாய், கால் புண், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் தொற்று உள்ளதா என்றும் ஆராய்வர். தொற்று இருந்தால் அறுவை தள்ளிவைக்கப்படும், அது மறுப்பாகாது.

வயல்வெளியில் வெறுங்காலுடன் நடந்து வளர்ந்தவர்களுக்கு ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் நுண்புழு தோல் வழியே நுழைந்திருக்கலாம். இது குடலில் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு பல்லாண்டுகள் ஓசையின்றி இருக்கும். எதிர்ப்பாற்றல் ஒடுக்கி மருந்து தொடங்கியதும் கட்டுக்கடங்காமல் பெருகி உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கும். மலப் பரிசோதனையில் இப்புழு தப்பிவிடுவது உண்டு. இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை உதவும். அறுவைக்கு முன் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தால் இதை ஒழித்துவிடலாம். சிறுவயது வாழ்க்கையைப் பற்றி மருத்துவர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசநோய்

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மேலை நாடுகளில் உறுப்பு பெற்றவர்களிடம் இந்நோய் அரிது. இந்திய மையங்களிலிருந்து வந்த ஆய்வுகளிலோ சிறுநீரகம் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரை ஒட்டி இது காணப்பட்டுள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதுகுறித்து நெடுங்கால ஆய்வு செய்துள்ளனர்.

உறங்கும் காசநோயைக் கண்டறிய மாண்டோ தோல் சோதனையும், இண்டர்பெரான் காமா இரத்தச் சோதனையும் உள்ளன. ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவரின் எதிர்ப்பாற்றல் முன்னரே குறைந்திருப்பதால், கிருமி இருந்தும் இச்சோதனைகள் 'இல்லை' எனக் காட்டலாம். எனவே மார்பு எக்ஸ்ரே, முன்பு நோய் வந்த வரலாறு, வீட்டில் அல்லது அறையில் உடன் தங்கியோருக்கு நோய் இருந்ததா என்ற செய்தி ஆகியவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். தேவைப்படுவோருக்கு ஐசோனியசிட் தடுப்பு மருந்து பல மாதங்களுக்குத் தரப்படுகிறது.

உறுப்பு பெற்றவருக்குக் காசநோய் வந்துவிட்டால் சிகிச்சை சிக்கலானது. காசநோயின் முதன்மை மருந்தான ரிபாம்பிசின், கல்லீரலில் உள்ள நொதிகளைத் தூண்டி டாக்ரோலிமஸை விரைவாகச் சிதைக்கச் செய்கிறது. இரத்தத்தில் டாக்ரோலிமஸ் குறைந்தால் உறுப்பு நிராகரிக்கப்படும். மருத்துவர் டாக்ரோலிமஸ் அளவைக் கூட்டுவார் அல்லது ரிபாம்பிசினுக்கு மாற்றாக ரிபாபியூடின் தருவார். ஆதலால் உறுப்பு பெற்றவர், காசநோய் மருந்து தரும் எந்த மையத்திலும் தாம் உண்ணும் மருந்துகளை முதலில் சொல்ல வேண்டும். இக்கவனம் காசநோய்க்கு மட்டும் உரியதன்று. சாதாரணத் தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் புளூகோனசோல் ஆகியவை நேர்மாறாக டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது இவர்களுக்கு ஆகாது.

தடுப்பூசிகள்

தடுப்பூசிகள் அறுவைக்கு முன்பே போடப்பட வேண்டும். பின்னர் போட்டால் உடல் போதிய எதிர்ப்பொருளை உண்டாக்காமல் போகலாம். மஞ்சள் காமாலை பி, நியூமோகாக்கஸ், இன்புளுவென்சா ஆகியவற்றுக்கான ஊசிகள் முதன்மையானவை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு பி வகைத் தடுப்பூசி வழக்கத்தைவிட இருமடங்கு அளவில் தரப்படுவது உண்டு. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகளை அறுவைக்குப் பின் பொதுவாகப் போடக்கூடாது. அவை தேவையெனில் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் முடித்துவிட வேண்டும்.

தொழிற்பகுதிக்குத் திரும்பும்போது

உறுப்பு பெற்றவர் வேலைக்குத் திரும்பலாம். திரும்புவதே சிகிச்சையின் நோக்கம். திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதியில் வாகனம், மின்னணுப் பொருள் முதலிய தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் சில இடர்களை அறிந்திருப்பது நல்லது.

புழுதி: கட்டடம் இடிக்கும் இடத்திலும் மண் தோண்டும் இடத்திலும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் காற்றில் மிதக்கும். பிறருக்குத் தீங்கு செய்யாத இவை, எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் நுரையீரலில் வேரூன்றும். முதல் ஓராண்டு இத்தகைய இடங்களைத் தவிர்க்க வேண்டும். கடக்க நேர்ந்தால் நன்கு பொருந்தும் முகக்கவசம் தேவை.

நெருக்கமான தங்குமிடம்: ஓர் அறையில் ஐந்தாறு பேர் தங்கி, பகல், இரவு ஷிப்டு மாற்றிப் படுப்பது இப்பகுதியில் வழக்கம். காற்றோட்டம் இல்லாத அறையில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால் மற்றவர்களுக்கும் பரவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் உடனிருந்தால் அவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது இருவருக்கும் நன்மை.

உணவும் நீரும்: 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர்ப் பகுதி மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு கெட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நலமாக இருப்பவர் இரண்டு நாளில் எழுந்துவிடும் வயிற்றுப்போக்கு, உறுப்பு பெற்றவருக்கு மருந்தின் அளவைக் குலைத்துச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கொதிக்க வைத்து ஆறிய நீர், சூடாகச் சமைத்த உணவு ஆகியவையே ஏற்றவை. கேன்டீனில் வெட்டி வைத்த பழம், பச்சைச் சட்னி, லாரித் தண்ணீர் ஆகியவற்றைத் தவிர்க்கலாம்.

ஷிப்டு நேரம்: டாக்ரோலிமஸைப் பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கொள்ள வேண்டும். வாரந்தோறும் ஷிப்டு மாறினாலும் மாத்திரை நேரம் மாறக்கூடாது. பணி நேரத்தை நிலையாக வைக்கும்படி மருத்துவர் சான்று தந்தால் நிர்வாகத்திடம் அதைக் காட்டிக் கேட்கலாம்.

மழைக்காலம்: தேங்கிய நீரில் வெறுங்காலுடன் நடப்பதால் எலிக்காய்ச்சலும், மண்ணில் வாழும் மெலியோய்டோசிஸ் பாக்டீரியாவும் தொற்றலாம். கொசுவலை டெங்குவிலிருந்து காக்க உதவும்.

உடனே மருத்துவரை நாட வேண்டியவை

- 100.4 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- மூச்சு வாங்குதல், தொடர் இருமல்
- சிறுநீர் குறைதல், எரிச்சல், உறுப்பு உள்ள இடத்தில் வலி
- நிற்காத வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு
- தோலில் கொப்புளம், ஆறாத புண்
- கடும் தலைவலி, குழப்பம்
- நாய், பூனை, குரங்கு கடித்தல் அல்லது பிறாண்டுதல்

காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. மருந்துச் சீட்டின் நகலையும், உறுப்பு மாற்று செய்த மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். அருகில் உள்ள மருத்துவர் எதையும் தொடங்குமுன் அவ்வெண்ணுக்குப் பேசிக்கொள்வது நல்லது.

இடரும் பயனும்

இத்தனை தொற்றுகளையும் படித்தபின், உறுப்பு மாற்றே வேண்டாமோ என்ற ஐயம் எழலாம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவருக்கும் தொற்று இடர் உண்டு. வாரம் இரண்டு மூன்று முறை குருதி வெளியே சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் அவ்விடர் இருக்கிறது. தகுதியுள்ள நோயாளிகளில் பெரும்பாலோர், டயாலிசிஸில் தொடர்வதைவிட உறுப்பு மாற்றுக்குப் பின் நீண்ட காலமும் நலமாகவும் வாழ்கின்றனர். இதயமோ கல்லீரலோ முற்றும் பழுதானவருக்கு வேறு நிலையான வழி பெரும்பாலும் இல்லை. மேற்சொன்ன தொற்றுகளில் பலவற்றை முன்பரிசோதனை, தடுப்பூசி, தடுப்பு மருந்து, தூய்மை ஆகியவற்றால் தடுக்க முடியும். எஞ்சியவற்றை விரைவில் கண்டால் குணப்படுத்த வாய்ப்பு மிகுதி. குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்வதும், குறித்த நேரத்தில் மாத்திரை உண்பதும் நோயாளியின் கையில் உள்ளன. அதற்கு விடுப்பும் துணையும் தருவது குடும்பத்தாரின் கையிலும் வேலை தருவோரின் கையிலும் உள்ளது.